த பிரைன்ஸ் டிரஸ்ட்

த பிரைன்ஸ் டிரஸ்ட் என்பது நேயர்கள் அனுப்பிய வினாக்களுக்கு அறிஞர் குழு விடையளித்த பிபிசி வானொலி நிகழ்ச்சி ஆகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 சனவரி 1 அன்று, "எனி குவெஸ்சன்ஸ்?" என்ற பெயரில் இது தொடங்கியது. உயிரியலாளர் ஜூலியன் ஹக்சிலி, மெய்யியலாளர் சி. ஈ. எம். ஜோட், முன்னாள் கடலோடி ஏ. பி. கேம்பல் ஆகியோர் தொடக்ககால உறுப்பினர்கள். டொனால்ட் மக்கல்லோ வினாக்களைத் தொடுத்தார்.

போர்க்கால வானொலிப் பேச்சுகள் பொதுவாக முன்கூட்டியே எழுதப்பட்டுத் தணிக்கை செய்யப்பட்டன. இந்நிகழ்ச்சியிலோ வினாக்கள் உறுப்பினர்களுக்கு முன்னதாகத் தெரிவிக்கப்படவில்லை. எனவே அறிஞர்கள் தயங்குவதையும் தமக்குள் முரண்படுவதையும் நேயர்கள் கேட்க முடிந்தது. ஈ கூரையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக அமர்வது எவ்வாறு என்பது புகழ்பெற்ற வினாக்களுள் ஒன்று. வினாவிலுள்ள சொல்லின் பொருளை முதலில் வரையறுக்கக் கோருவது ஜோடின் வழக்கம். 1949 வரை வானொலியில் ஒலிபரப்பான இந்நிகழ்ச்சி, 1950களில் தொலைக்காட்சியிலும் இடம்பெற்றது.