எது உள்நாட்டுப் பொருள்? திருச்சிராப்பள்ளியில் கதரும் கைத்தறியும் (1925 – 1985)

ஆய்வுச் சுருக்கம்

உள்நாட்டுப் பொருள்களையே வாங்க வேண்டும் என்னும் முழக்கம் திருச்சிராப்பள்ளி வீதிகளில் வெவ்வேறு காலங்களில் ஒலித்துள்ளது. எனினும், எப்பொருள் உள்நாட்டுப் பொருள் என்பதில் ஒருமித்த கருத்து நிலவவில்லை. 1930-ஆம் ஆண்டு உப்புப் பயணம், 1953-ஆம் ஆண்டு கைத்தறி விற்பனை ஆகிய இரு நிகழ்வுகளை முன்வைத்து, அவ்வரையறை நூலின் தூய்மையிலிருந்து நெசவாளரின் பிழைப்புக்கு இடம்பெயர்ந்தமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சுதேசி, கதர், கைத்தறி, உறையூர், சுருட்டு, இராஜாஜி.

முன்னுரை

சோழர் தலைநகராகிய உறையூரின் நெசவு மிகத் தொன்மையானது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'எரித்திரியக் கடற் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல் குறிப்பிடும் 'அர்காரு' என்னும் ஊரை உறையூர் என ஆய்வாளர் பலர் அடையாளம் காண்பர். அவ்வூரின் பெயராலேயே மென்துணி வகை ஒன்று அந்நூலில் சுட்டப்படுகிறது. உறையூரில் சென்னைப் பல்கலைக்கழகம் நிகழ்த்திய அகழாய்வில் சாயத்தொட்டி எனக் கருதப்படும் செங்கற் கட்டுமானமும் வெளிப்பட்டது. இத்தகைய மரபுடைய ஊரின் துணி, சுதேசி இயக்கக் காலத்தில் எவ்வாறு மதிப்பிடப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

ஆலை நூலும் கதரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் சென்னை மாகாணக் கைத்தறிகளில் பெரும்பாலானவை ஆலை நூலுக்கு மாறிவிட்டன. கையால் நூற்ற நூலைக் காட்டிலும் அது விலை குறைந்ததாகவும் சீரானதாகவும் இருந்ததே காரணம். எனவே தறி கையால் இயங்கினும் பாவும் ஊடையும் ஆலையிலிருந்தே வந்தன. 1925-இல் காந்தியடிகளின் தலைமையில் அமைந்த அகில இந்திய நூற்போர் சங்கம், கையால் நூற்றுக் கையால் நெய்த துணிக்கே கதர் என்னும் தகுதியை அளித்தது. கிராமத்து ஏழைப் பெண்களுக்கு நூற்பின் வழியே வருவாய் தேடித்தருதல் அதன் நோக்கம். அந்நோக்கம் நியாயமானதே. ஆயினும் அவ்வளவுகோலின்படி, ஆலை நூலில் நெய்த கைத்தறித் துணி கதர் ஆகாது. தமிழ்நாட்டு நெசவாளருள் பெரும்பகுதியினர் இவ்வாறு வரையறைக்கு வெளியே நின்றனர்.

1930: உப்பு என்னும் குறியீடு

1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்து புறப்பட்டனர். திருவரங்கத்தைச் சேர்ந்த மருத்துவர் தி. சே. சௌ. ராஜனின் திருச்சி இல்லமே புறப்பாட்டிடம். ஏப்ரல் 28-இல் வேதாரணியத்தை அடைந்து, 30-இல் உப்பெடுத்தனர். உப்பு இந்நகரின் விளைபொருள் அன்று. அயலாட்சியின் தடையை மீறுவதற்கான குறியீடு. உப்பும் கதரும் நுகர்வோரின் மனத்தை மாற்றின. ஆனால் நகரின் தறிகளில் நெய்யப்பட்ட துணிக்குச் சந்தை தேடித்தருவது அப்போராட்டத்தின் நோக்கமாக இருக்கவில்லை.

1953: தோளில் ஏறிய கைத்தறி

1952-ஆம் ஆண்டு நெருக்கடியில் சென்னை மாநிலக் கைத்தறித் துணிகள் விற்பனையின்றித் தேங்கின. நெசவாளர் குடும்பங்கள் பட்டினியை எதிர்கொண்டன. அப்போது முதலமைச்சராக இருந்த இராஜாஜி, வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்குமாறு மத்திய அரசை வலியுறுத்தினார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் கதர்ப் பணிக்கு ஆசிரமம் நிறுவியவர், இப்போது ஆலை நூலில் இயங்கும் தறிகளுக்காகவும் வாதாடினார். 1953-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தினர் கைத்தறித் துணிகளைச் சுமந்து தெருத்தெருவாக விற்றனர், திருச்சிராப்பள்ளியில் சி. என். அண்ணாதுரை அவ்வாறு விற்றார். அரசியலில் எதிரெதிரே நின்ற இரு தரப்பினரும் ஒரே அளவுகோலுக்கு வந்து சேர்ந்தனர்: நூல் எங்கிருந்து வந்தது என்பதன்று, நெய்பவர் உண்கிறாரா என்பதே வினா. அதே ஆண்டு ஆலைத் துணி மீது கூடுதல் உற்பத்தி வரி விதித்த மத்தியச் சட்டம், கதரையும் பிற கைத்தறிகளையும் ஒருங்கே பயனாளிகளாக ஏற்றது.

விடுபட்ட பொருள்: சுருட்டு

இவ்விரு வரையறைகளிலும் அடங்காத உள்ளூர்ப் பொருள் ஒன்று உண்டு. திருச்சிச் சுருட்டின் புகழ், 1887-இல் வெளியான கானன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் புதினத்தில் இடம்பெறும் அளவுக்குப் பரவியிருந்தது. அதுவும் கைத்தொழிலே, உள்நாட்டுப் புகையிலையாலானதே. ஆயினும் அதனை விரும்பி வாங்கியோரில் ஆங்கிலேயர் முதன்மையானோர். புகையிலையைக் காந்தியடிகள் ஏற்கவுமில்லை. ஆங்கிலேயர் வெளியேறினர்; சிகரெட் பரவியது; சுருட்டுத் தொழில் சுருங்கியது. அதனைத் தோளில் சுமந்து விற்க எவரும் முன்வரவில்லை. உள்ளூரில் செய்யப்படுவது மட்டுமே ஒரு பொருளுக்கு ஆதரவைப் பெற்றுத்தருவதில்லை என்பதற்கு இது சான்று.

முடிவுரை

1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், இராஜாஜி எழுப்பிய கோரிக்கையின் பிந்தைய வடிவம் எனலாம். அதன்கீழ்த் தொடக்கத்தில் 22 வகைத் துணிகள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. இம்முறை எல்லைக்கோடு கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் இடையே வரையப்பட்டது. விசைத்தறித் துணியும் உள்நாட்டுப் பொருளே ஆதலின், பழைய வினா புதிய வடிவில் மீண்டது. உள்நாட்டுப் பொருளை வாங்குக என்னும் அறைகூவல், எவருடைய உழைப்பைக் காக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லும்போதே பயன் தரும். அத்தெளிவின்றி எழும் முழக்கம், 1930-இல் நிகழ்ந்ததைப் போன்று, வாங்குவோருக்குப் பெருமிதத்தை அளித்து, அருகிலுள்ள தறியை மறந்துவிடக்கூடும்.