மந்த வாயுக்களின் வரலாறு

கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டும் கத்தியை ஈரத்தோடு வைத்துவிட்டால் விரைவில் துருவேறிவிடும். காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஈரமும் இரும்போடு கூடுவதே அதற்குக் காரணம். ஆனால் அதே காற்றில் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்காக விளங்கும் ஆர்கான் வாயு இரும்போடும் கூடுவதில்லை, ஆக்ஸிஜனோடும் கூடுவதில்லை. இத்தகைய இயல்புடையவற்றை மந்த வாயுக்கள் என்பர்.

இவ்வினத்தில் முதலில் தடயம் கிடைத்தது ஹீலியத்துக்கே. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நேர்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் நிழல், அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரைக் கடந்து, வங்கக் கடலைத் தாண்டி, கெடாவுக்கு வடக்கே சயாம் நாட்டின் வா கோ கடற்கரையிலும் விழுந்தது. கெடா அந்நாளில் சயாமின் மேலாட்சிக்கு உட்பட்டிருந்தது. வா கோவில் மோங்குட் மன்னர் கிரகணத்தைக் கண்டார். அவரது அழைப்பை ஏற்றுச் சிங்கப்பூரிலிருந்து கவர்னர் ஸர் ஹாரி ஆர்டும் வந்திருந்தார். குண்டூரில் பிரெஞ்சு வானநூலார் ஜான்சென், நிறமாலைக் கருவியால் சூரியனின் சுடர்களை ஆராய்ந்தார். கிரகணம் இல்லாத நாளிலும் அவற்றைக் காணலாம் என்று அறிந்தார். அவ்வாண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியரும் அம்முறையைத் தாமாகவே கண்டறிந்தார். அச்சுடர்களில் தோன்றிய மஞ்சள் கோடு அறிந்த தனிமம் எதற்கும் பொருந்தவில்லை. சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அப்புதிய பொருள் ஹீலியம் எனப் பெயர் பெற்றது. 1894இல் ராலே பிரபுவுடன் ஆர்கானைக் கண்ட ராம்சே, மறு ஆண்டே யுரேனியத் தாது ஒன்றிலிருந்து ஹீலியத்தையும் பிரித்தெடுத்தார்.

இவை ஏன் பிறவற்றோடு கூடுவதில்லை? 1916இல் கோசலும் லூயிஸும் விடை வகுத்தனர். பிற அணுக்கள் எலெக்ட்ரானைக் கொடுத்தோ, பெற்றோ, பங்கிட்டோ தம் புறக்கூட்டை நிறைத்துக்கொள்கின்றன. மந்த வாயுக்களின் புறக்கூடு முன்பே நிறைந்தது: ஹீலியத்துக்கு இரண்டு, ஏனையவற்றுக்கு எட்டு. உள்ளதை அவை எளிதில் விடுவதில்லை; புதியதற்கு அங்கே இடமுமில்லை.

இவ்விளக்கம் நன்றாகப் பொருந்தியதால், இவை ஒருபோதும் கூடா என்றே பலரும் முடிவு கட்டினர். பாடநூல்களும் அவ்வாறே கற்பித்தன. 1962இல் கனடாவில் பார்ட்லெட் என்பார், பிளாட்டினம் ஹெக்ஸாஃப்ளோரைடு ஆக்ஸிஜன் மூலக்கூறிலிருந்தே எலெக்ட்ரானைப் பறிப்பதைக் கண்டார். செனானிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கவும் ஏறக்குறைய அதே ஆற்றல் போதும் என்று கணக்கிட்டு, இரண்டையும் கலந்தார். உடனே மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது!

செனான் அணு பெரியது. அதன் புற எலெக்ட்ரான்கள் அணுக்கருவினின்று தொலைவில் இருப்பதால் பிடிப்புத் தளர்ந்தவை. ஹீலியத்திலும் நியானிலும் அப்பிடிப்பு மிக வலியது. ஆகவே கூடு நிறைந்திருப்பது மட்டுமன்று, பிடிப்பின் வலிமையுமே மந்தத்தை நிர்ணயிக்கிறது. ராம்சே காலத்துக்குப் பின் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இவ்வுண்மை மறைந்திருந்ததற்கு, ‘மந்தம்’ என்ற பெயரை அறிஞர் அளவுக்கு மீறி நம்பியதும் ஒரு காரணமாகும்.