ஓடத் தெரியாத வீரன்: ‘ஹேலோ’ விளையாட்டில் விரைவோட்டம் குறித்த பூசலின் வரலாறு

(சற்றே நீண்ட பதிவு. விளையாட்டு வரலாற்றிலும் பண்பாட்டு வரலாற்றிலும் ஆர்வமுடைய மாணவ நண்பர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது.)

2001 நவம்பர் 15 அன்று, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கருவியுடன் ‘ஹேலோ: காம்பாட் எவால்வ்ட்’ வெளியானது. பங்கி நிறுவனம் உருவாக்கிய அந்தக் காணொளி விளையாட்டின் நாயகன் மாஸ்டர் சீஃப், எதிர்காலப் போர்க்கவசம் அணிந்த மாபெரும் வீரன். ஆயினும் அவனுக்கு ஓடத் தெரியாது. இயல்பாக முன்னேறும் வேகமே அவனது உச்ச வேகம்; அதைக் கடப்பதற்குத் தனிப் பொத்தான் எதுவும் வழங்கப்படவில்லை. அப்படியொரு பொத்தானைச் சேர்ப்பது முறையா என்ற வினாவைச் சுற்றி, 2010 தொடங்கி இன்றுவரை அவ்விளையாட்டின் ஆர்வலர்கள் இரு அணிகளாகப் பிரிந்து வாதிட்டு வருகின்றனர்.

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது சிறுபிள்ளைப் பூசலாகத் தோன்றலாம். ஆனால் விதியை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு, பழக்கத்தால் ஈட்டிய திறன் ஓர் உடைமையாகுமா, மரபு என்பது எந்த ஆண்டில் தொடங்குகிறது ஆகிய மூன்று வினாக்கள் இதனுள் பொதிந்துள்ளன. மூன்றும் வரலாற்று மாணவர்களுக்கு அந்நியமானவை அல்ல.

1. பிழையிலிருந்து பிறந்த மரபு

சுடும் விளையாட்டுகளில் இயக்கம் குறித்த சச்சரவு ‘ஹேலோ’வுக்கு முந்தியது. 1996இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட ‘குவேக்’ விளையாட்டின் நிரலில், காற்றில் இருக்கும்போது செயற்படும் வேக வரம்பு, மொத்த வேகத்தின்மீது விதிக்கப்பட்டிருக்கவில்லை. ஆட்டக்காரர் செல்ல விழையும் திசையில் அமையும் வேகக்கூறின்மீது மட்டுமே விதிக்கப்பட்டிருந்தது. ஆகவே, பக்கவாட்டில் நகர்ந்தபடி பார்வையைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் குதிப்பவர், குதிக்குந்தோறும் கூடுதல் வேகம் பெற முடிந்தது. இதனை யாரும் திட்டமிட்டு வடிவமைக்கவில்லை. ஆட்டக்காரர்களே கண்டறிந்தனர்; பயின்றனர்; பிறருக்குக் கற்பித்தனர்.

1999இல் ‘குவேக் 3 அரீனா’ உருவாகிக்கொண்டிருந்தபோது, தலைமை நிரலாளர் ஜான் கார்மாக் இதனைப் பிழை என்றே கருதினார். பலர் முயன்று பயின்றிருப்பது மட்டுமே ஒரு பிழை நீடிப்பதற்கான நியாயம் ஆகாது என்பது அவரது நிலைப்பாடு. ஆயினும் அவர் முயன்ற திருத்தங்கள் இயல்பான இயக்கத்தின் உணர்வையும் பாதித்தமையால் அவற்றைக் கைவிட்டார். பிழை நிலைத்தது. பின்னாளில் அத்தொடரின் அடையாளமாகவே அது போற்றப்பட்டது. படைத்தவர் மறுத்ததைப் பயன்படுத்தியோர் மரபாக்கிய நிகழ்வு இது.

2. படிப்படியாக நுழைந்த ஓட்டம்

‘ஹேலோ’வில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. இங்கே புதுமை மேலிருந்து வந்தது. 2004, 2007 ஆகிய ஆண்டுகளில் வெளியான இரண்டாம், மூன்றாம் பாகங்களிலும் விரைவோட்டம் இல்லை. 2010இல் வெளியான ‘ஹேலோ: ரீச்’, அதனைத் தெரிவுசெய்துகொள்ளும் கவசத் திறன்களுள் ஒன்றாக அறிமுகப்படுத்தியது. ஓட விரும்பியவர் பறக்கும் உந்துபொறியையோ மாயத் தோற்றத்தையோ துறக்க வேண்டியிருந்தது. அதாவது ஓட்டத்திற்கு ஒரு விலை இருந்தது.

தொடரின் பொறுப்பு 343 இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்திடம் சென்றபின் வெளிவந்த ‘ஹேலோ 4’ (2012) ஓட்டத்தை அனைவருக்கும் பொதுவாக்கியது. ‘ஹேலோ 5: கார்டியன்ஸ்’ (2015) மேலும் சென்றது: திடீர் உந்துதல், சறுக்கல், விளிம்பைப் பற்றி ஏறுதல், மேலிருந்து பாய்ந்து தரையை மோதுதல் என அசைவுகள் பெருகின. எதிர்ப்புக் குரலுக்கு ஒரு விட்டுக்கொடுத்தலும் அதிலேயே இருந்தது: ஓடும்போது வீரனின் ஆற்றற்கவசம் மீளாது. 2021இல் வந்த ‘ஹேலோ இன்ஃபினிட்’ ஓட்டத்தைத் தக்கவைத்தது. ஆனால் இயல்பு வேகத்திற்கும் ஓட்ட வேகத்திற்கும் இடையிலான வேறுபாட்டைச் சுருக்கிவிட்டது. உந்துதலோ, பலர் எதிர்த்தாடும் களத்தில் கண்டெடுக்க வேண்டிய பொருளாக மாறியது.

3. வாதங்களின் உள்ளடக்கம்

எதிர்ப்பாளர்களின் வாதம் வெறும் பழமைப்பற்று அன்று. பங்கியின் வடிவமைப்பில் துப்பாக்கி, கையெறி குண்டு, கைத்தாக்கு ஆகிய மூன்றும் எந்நேரமும் ஆட்டக்காரரின் கைவசம் இருந்தன. ஓடத் தொடங்கியதும் ஆயுதம் தாழ்கிறது. நகர்வதா, போரிடுவதா என்ற பிளவு தோன்றுகிறது. மேலும், ‘ஹேலோ’வில் ஒருவரை வீழ்த்தப் பல குண்டுகள் தேவை. ஆகவே பிழையான இடத்தில் சிக்கிக் காயமுற்றவர், ஓடித் தப்பிவிட முடிகிறது. அவரது தவறான முடிவுக்குத் தண்டனை இல்லாமற்போகிறது. ஓடுவோரைக் கணக்கிற்கொண்டு ஆடுகளங்களைப் பெரிதாக்கினால், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்தை அடையும் நேரம் முன்பிருந்த அளவிலேயே நிற்கும். வேகம் கூடிய தோற்றம் மட்டுமே எஞ்சும்.

ஆதரவாளர்களின் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 2007இல் வெளியான ‘கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்’, ஓட்டத்தைச் சுடும் விளையாட்டுகளின் பொது இலக்கணமாக ஆக்கிவிட்டது. அதில் பழகிய கைகளுக்கு ஓடாத வீரன் முடமானவனாகத் தோன்றினான். கதைப்படி அதிவேக வீரனாகச் சித்திரிக்கப்படுபவன் ஆட்டத்தில் மெல்ல நகர்வது முரணாகவும் தெரிந்தது. தவிர, எப்போது ஓடுவது, எப்போது ஆயுதத்தை உயர்த்துவது என்ற தெரிவே ஒரு புதிய திறன் என்று அவர்கள் வாதிட்டனர்.

ஓர் அணி கேட்டது நியாயமான மோதல். மற்ற அணி கேட்டது தடையற்ற உடலசைவு. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க இயலாமையே இப்பூசல் தீராமைக்குக் காரணம்.

4. காரணம் கற்பித்தலில் எச்சரிக்கை

‘ஹேலோ 4’ வெளியானபின் அதை ஆடுவோர் எண்ணிக்கை விரைவில் சரிந்தது. ஓட்டமே அதற்குக் காரணம் என்பது எதிர்ப்பாளர்கள் நெடுங்காலம் முன்வைத்த சான்று. வரலாற்று மாணவர் இங்கே தயங்க வேண்டும். அதே விளையாட்டு, அவரவர் விருப்பப்படி ஆயுதத் தொகுப்புடன் களமிறங்கும் முறையையும், ஆட்டத்தின் நடுவே வானிலிருந்து ஆயுதங்கள் வந்திறங்கும் முறையையும் சேர்த்திருந்தது. 2012 நவம்பர் 6 அன்று அது வெளியானது. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 13 அன்று, ‘கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 2’ சந்தைக்கு வந்தது. இத்தனை மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்த சூழலில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் குற்றவாளியாக்குவது, முன்னது நிகழ்ந்ததால் பின்னது நிகழ்ந்தது எனக் கொள்ளும் பழைய தருக்கப் பிழை. ‘ஹேலோ 3’இன் பெருவெற்றிக்கு ஓட்டமின்மையே காரணம் என்பதும் அத்தகையதே.

போட்டித் தொடரான ‘கால் ஆஃப் டியூட்டி’யின் வரலாறும் நேர்கோட்டில் செல்லவில்லை. 2014 முதல் 2016 வரை மூன்று ஆண்டுகள் அது காற்றில் பாயும் வீரர்களை முன்னிறுத்தியது. 2016இல் ‘இன்ஃபினிட் வார்ஃபேர்’ முன்னோட்டம் யூடியூபில் மிகுதியான வெறுப்புக் குறிகளைப் பெற்ற காணொளிகளுள் ஒன்றாயிற்று. 2017இல் தொடர் இரண்டாம் உலகப்போரின் தரைக்குத் திரும்பியது. 2024இன் ‘பிளாக் ஆப்ஸ் 6’ எத்திசையிலும் ஓடவும் சறுக்கவும் பாயவும் மீண்டும் இடமளித்தது. ஊசல் ஆடிக்கொண்டேயிருக்கிறது.

5. யாருடைய மரபு?

எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூல், தொன்மையானவை எனத் தோன்றும் பல மரபுகள் அண்மைக்காலப் புனைவுகள் என்பதை எடுத்துக்காட்டியது. ‘உண்மையான ஹேலோ’ என்ற சொல்லாட்சியும் அவ்வாறே இயங்குகிறது. ‘இன்ஃபினிட்’ உந்துதலைப் பொதுத் திறனாக வைத்திருக்காதபோது, ‘ஹேலோ 5’இல் தேர்ந்தவர்கள் தங்கள் மரபு பறிக்கப்பட்டதாகக் குறைகூறினர். 2015இன் புதுமை, ஆறே ஆண்டுகளில் பாதுகாக்கப்பட வேண்டிய பழமையாகிவிட்டது. ஒவ்வொரு தலைமுறையும் தான் கைபழகிய ஆட்டத்தையே மூலப் படிவமாகக் கொள்கிறது.

எனினும் இழப்பு புனைவன்று. இந்தியர்களுக்கு இதனை விளக்க ஹாக்கி போதும். 1928 முதல் 1972 வரை நடந்த ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் இந்திய ஆண்கள் அணி பதக்கம் வென்றது. 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையையும் வென்றது. 1976 மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. இந்தியா ஏழாமிடம் பெற்றது. வீழ்ச்சிக்குத் தரை ஒன்றே காரணமன்று. 1980இல் மாஸ்கோவின் செயற்கைத் தரையில் இந்தியா தங்கம் வென்றதையும் மறக்கலாகாது. ஆனால் புல்தரையில் பல்லாண்டு பயின்ற மணிக்கட்டின் நுட்பம், ஆடுபரப்பு மாறியதும் தன் மதிப்பில் ஒரு பகுதியை இழந்தது என்பதை மறுப்பார் இலர். அம்முடிவை எடுத்த அவையில் அந்த மணிக்கட்டுகளுக்கு வாக்கில்லை.

‘ஹேலோ’ ஆர்வலரின் நிலையும் அதுவே. ஈ. பி. தாம்சன் தம் 1971ஆம் ஆண்டுக் கட்டுரையில், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய மக்கள் உணவுக்காகக் கிளர்ந்தபோது, வழக்காற்று உரிமை மீறப்பட்டது என்ற அறவுணர்வே அவர்களை இயக்கியது என்றார். பசியையும் பொழுதுபோக்கையும் சமன்செய்வது தகாது. ஆயினும் விதியை உடைமையாளர் வகுக்க, அதனுள் வாழ்வோர் வழக்காற்றை முன்வைத்து எதிர்க்கும் அமைப்பு இரண்டிலும் காணத்தக்கது.

6. எஞ்சும் வினா

2025 அக்டோபரில், முதற்பாகத்தின் கதைப்பகுதியைப் புதுப்பிக்கும் ‘ஹேலோ: கேம்பெயின் எவால்வ்ட்’ அறிவிக்கப்பட்டது. அதில் ஓட்டம் உண்டு. வேண்டாதவர் அதனை நிறுத்திவைக்கவும் வழியுண்டு. பதினைந்து ஆண்டுப் பூசலுக்கு உடன்பாடு எட்டப்பட்டதெனச் சிலர் மகிழலாம். ஆனால் அவ்விளையாட்டில் ஆட்டக்காரர் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடும் பகுதி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதிராளி இல்லாத இடத்தில் விதியைத் தனிமனித விருப்பமாக்கிவிடலாம். எதிராளி இருக்கும் இடத்தில் விதி பொதுவானதாகவே இருந்தாக வேண்டும். அங்கே பூசலும் இருந்தே தீரும்.

சான்றாதாரங்களின் நிலைதான் ஆய்வாளரை உண்மையிலேயே கவலைகொள்ளச் செய்வது. முதல் எக்ஸ்பாக்ஸின் இணையச் சேவை 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கான ‘ஹேலோ’ சேவைகள் 2022 ஜனவரியில் முடிவுற்றன. தொடக்ககாலப் பாகங்களேனும் மறுதொகுப்பில் கிடைக்கின்றன. மிகுந்த சர்ச்சைக்குள்ளான ‘ஹேலோ 5’ அத்தொகுப்பில் இல்லை; அதன் முழு வடிவம் கணினிக்கும் வரவில்லை. நாளை இப்பூசலின் வரலாற்றை எழுதுபவர் இருதரப்பு வாதங்களையும் வாசித்துவிட முடியும். அவ்வாதங்கள் எதைக் குறித்தனவோ அந்த அசைவைக் கைகளால் உணர்ந்தறிய இயலாமற்போகலாம். உரைகளைக் காக்கும் ஆவணக்காப்பகங்கள் நம்மிடம் உள்ளன. அசைவுகளைக் காக்கும் காப்பகம் எவ்வாறு அமைய வேண்டும் என்பது குறித்து, நாட்டார் வழக்காற்றியலிலும் நிகழ்த்துகலை ஆய்விலும் ஈடுபட்டுள்ள நண்பர்கள் தம் கருத்துகளைப் பகிர்ந்தால் உரையாடல் வளம்பெறும்.