ஓ-யூ-ஜி-எச்: ஒலியைத் தொலைத்த எழுத்துகள்

1981-இல் ஊரை விட்டுப் புனே வந்த புதிதில், ஒரு பாத்திர மொத்தக் கடையில் கணக்கு எழுதினேன். ஒருநாள் விலைப்பட்டியலை முதலாளிக்கு வாசித்துக் காட்டும்போது, பிசைந்த மாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வந்தது. டி எழுத்து, அதன்பின் ஓ-யூ-ஜி-எச். 'ரஃப்' என்ற சொல்லை அறிந்தவன் ஆதலால் இதை 'டஃப்' என்று படித்தேன். 'டோ' என்று படிக்க வேண்டுமாம்! கடையே சிரித்தது. இரண்டு வருஷம் எனக்கு 'டஃப்' என்றே பெயர்.

சென்ற ஆண்டு என் பேத்தி பாடப் புத்தகத்தோடு வந்து, "தாத்தா, இந்த நாலு எழுத்தும் ஏன் இப்படி ஏமாத்துது?" என்று அழாத குறையாகக் கேட்டாள். தோ, த்ரூ, காஃப், ரஃப், பௌ, தாட் எல்லாவற்றிலும் அதே நான்கு எழுத்து. ஒலியோ ஆறு விதம். பழைய வடு வலித்தது, தேடத் தொடங்கினேன்.

ஏமாற்று எதுவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் தொண்டையை உரசி வரும் ஒரு 'ஹ்' ஒலி இருந்தது. இரவைக் குறிக்கும் 'நாஃக்ட்' போன்ற ஜெர்மன் சொற்களில் அதன் உறவை இன்றும் கேட்கலாம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பயின்ற எழுத்தர்கள் அந்த ஒலியை நாளடைவில் ஜி-எச் என்று எழுதினார்கள். 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்து உறைந்தது, நாக்கு உறையவில்லை. தொண்டை ஒலி சில சொற்களில் அடியோடு மறைந்தது, சிலவற்றில் உதட்டுக்கு வந்து 'ஃப்' ஆனது. அதே நூற்றாண்டுகளில் உயிரொலிகளும் இடம் பெயர்ந்தன. ஆக, நாம் பார்ப்பது ஒலி போன பின்னும் நிற்கும் பெயர்ப்பலகை.

நமக்கு இது புதிதா என்ன? தொல்காப்பியம் சார்பெழுத்தாகச் சொன்ன, நம் சமண முனிவர் பவணந்தியாரும் நன்னூலில் இலக்கணம் கூறிய ஆய்தம், இன்று 'ஃபேன்', 'ஃபோன்' எழுதத்தான் அதிகம் பயன்படுகிறது. அங்கேயும் 'ஃப்', இங்கேயும் 'ஃப்'!

அமெரிக்கர்கள் கொஞ்சம் துணிந்தவர்கள். நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதியில் ஏரைக் குறிக்கும் சொல்லின் வாலை வெட்டி, டபிள்யூவில் முடித்தார். ஆங்கிலேயரோ நேர்மாறு. விக்கலுக்கு 'ஹிக்கப்' என்று ஒழுங்காக இருந்த சொல்லை, இருமலோடு உறவு என்று தவறாக எண்ணி, அதற்கும் இந்த நான்கு எழுத்தை ஒட்டினார்கள்.

இவ்வளவு தேடியதில் எனக்கென்று ஒரு பொருள் கிடைத்தது. துணியில் கட்டி வேகவைக்கும் ஒருவகை மாவுப் பண்டத்துக்கு ஆங்கிலத்தில் 'டஃப்' என்று பெயர், டி-யூ-எஃப்-எஃப். அது வேறு சொல் அன்று! வட இங்கிலாந்து மக்கள் அந்த மாவுச் சொல்லையே 'ரஃப்' போல 'டஃப்' என்று உச்சரித்தார்கள். உச்சரித்தபடியே எழுதியதும் தனிச்சொல்லாக நின்றுவிட்டது. அன்று கடையில் நான் படித்தது வடநாட்டு ஆங்கிலம் ஐயா!

பேத்தியிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்ப நானும் கிளாஸ்ல டஃப்னு படிக்கட்டுமா தாத்தா?" என்றாள்.

"வேண்டாம்மா, டோன்னே படி. மார்க் போயிடும்."