கம்பி வடங்களும் நிழற்படமும்

நகர வீதியில் நடப்போர் தம் தலைக்குமேல் ஓடும் கம்பிகளை நோக்குவதில்லை. மின்சாரக் கம்பி, பாரந்தூக்கி யந்திரத்தின் எஃகு வடம், பாலத்தைத் தாங்கும் பெருவடம், கடலடியிற் கிடக்கும் செய்தி வடம் என வடங்கள் பலவகைப்படும். இவையின்றி இக்கால வாழ்வு ஒரு நாளும் நடவாது. ஆயினும் மலரையும் மலையையும் பாடுவோர் பலர்; கம்பியைக் கண்ணெடுத்துப் பார்ப்போர் சிலரே. அச்சிலருள் நிழற்படக்காரர் முன்வரிசையில் நிற்கின்றனர். அவர்கள் எடுத்த படங்களின் வரலாற்றை ஈண்டு சிறிது ஆராய்வோம்.

முதலில் நமக்கு அண்மையிலுள்ளதைக் காண்போம். கடல்நீர் புகாவண்ணம் தந்தி வடத்தைப் போர்த்த உதவிய பொருள் கெட்டாபெர்ச்சா என்னும் மரப்பால். அது மலாய் நாட்டுக் காடுகளில் விளைந்தது. மலாய் மக்கள் அதனைக் கொண்டு பாராங் கத்திக்குப் பிடி அமைத்து வந்தனர். சிங்கப்பூரில் பணிபுரிந்த மாண்ட்கோமரி என்னும் வைத்தியரின் முயற்சியால் 1843-ம் ஆண்டில் லண்டன் நகரத்தார் அதனை அறிந்தனர். 1870-71-ல் சென்னையைப் பினாங்குடனும் சிங்கப்பூருடனும் இணைத்த கடல் தந்தி வடத்துக்கும் அப்பாலே போர்வையாயிற்று. நம் தோட்டத்து ரப்பர் மரத்தில் நாள்தோறும் பால் வெட்டலாம்; அந்த மரத்தையோ அடியோடு வீழ்த்தியே பால் எடுத்தனர். எண்ணற்ற மரங்கள் அழிந்தன. வடம் கடலுக்குள் மறைந்தது. அதற்கு உழைத்தோரும் உலகின் கண்ணுக்கு மறைந்தனர்.

வானத்திலே தொங்கும் வடத்துக்கு வேறு வாய்ப்புக் கிட்டியது. அமெரிக்காவிலே, நியூயார்க் நகரின் ப்ரூக்ளின் பாலம் 1883-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி திறக்கப்பெற்றது. அதனை நான்கு பெருவடங்கள் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் 5,434 எஃகுக் கம்பிகளின் சேர்க்கை. திட்டம் வகுத்த ஜான் ரோப்ளிங் 1869-ல் மாண்டார். அவர் மகன் வாஷிங்டன், ஆற்றினடியில் அழுத்தக் காற்று நிரம்பிய அறையில் இறங்கி வேலை பார்த்ததால் 1872-ல் நோயுற்றுப் படுத்தார். அவர் மனைவி எமிலி கணக்கும் எஞ்சினியர் நூலும் கற்று, கணவரின் கட்டளைகளைத் தாமே பணியிடத்துக்குக் கொண்டு சென்றார். பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று கேட்போர்க்கு இதுவே விடையாகும். கம்பி வழங்கிய ஒப்பந்தக்காரர் தேறாத கம்பியை வஞ்சகமாய்ச் சேர்த்தது 1878-ல் வெளிப்பட்டது. அக்குறையை ஈடுசெய்ய ஒவ்வொரு வடத்திலும் 150 கம்பிகள் கூடுதலாய்ச் சேர்க்கப்பட்டன. அப்பாலத்துக்காக உயிர்நீத்த தொழிலாளர் இருபதுக்குக் குறையார்.

இப்பாலத்தின் வடங்களைப் படமெடுத்தோர் பலர். 1929-ம் ஆண்டில் வாக்கர் எவன்ஸ் என்னும் இளைஞர் அவற்றைப் படமெடுத்தார். அவற்றுள் மூன்று, ஹார்ட் கிரேன் என்ற கவிஞரின் 'பாலம்' என்னும் நூலில் 1930-ல் வெளியாயின. அவற்றிலே உருவ அழகு மேலோங்கி நிற்கிறது. கோடும் கோடும் வெட்டிச் செல்லும் கோலத்தை அங்கே காண்கிறோம்.

அதற்கு முன்னரே வேறொருவர் அதே வடங்களிலே மனிதரைக் கண்டார். அவர் யூஜின் டி சாலிக்னாக். நியூயார்க் நகரப் பாலத் துறையின் சம்பளம் பெற்ற நிழற்படக்காரர். 1914-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 7-ந் தேதி அவர் எடுத்த படத்திலே, வர்ணம் பூசும் தொழிலாளர் சிலர், பாலத்தின் தொங்கு கம்பிகளினூடே உயரத்தில் ஏறி, பற்றியும் சாய்ந்தும் இருக்கின்றனர். யாழின் நரம்புகளிலே பறவைகள் அமர்ந்தாற்போன்ற காட்சி அது. கால் இடறினால் உயிர் இல்லை. பாலம் உறுதியென நம்பி நடப்போர், துருவேறாமல் அதனைக் காக்கும் இவர்களை நினைப்பதில்லை.

டி சாலிக்னாக் 1943-ல் காலமானார். ஏறக்குறைய 20,000 படங்கள் நகர ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. 1999-ல் அங்குப் பணிபுரிந்த ஒருவர், கண்ணாடித் தகடுகளில் ஒரே வகையாய் எண்கள் எழுதப்பட்டிருந்ததை உற்று நோக்கி, யாவும் ஒருவர் கைவேலை என்று தெளிந்தார். எண்ணும் தேதியும் எழுதிவைத்த பழக்கமே மறைந்த கலைஞரை மீட்டுத் தந்தது. ஆனால், தொங்கு கம்பிகளின்மேல் வர்ணம் பூசுவோர் என்றே அப்படத்தின் குறிப்புக் கூறுகிறது. அவர்கள் பெயர் அதிலே இல்லை.

லூயிஸ் ஹைன் என்பவரோ, ஆலைகளில் வதைபட்ட சிறுவரைப் படமெடுத்துக் குழந்தைத் தொழிலுக்கு எதிராகப் போராடியவர். 1930-31-ல் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்புகையில், எஃகு வடத்தைக் கையாலும் காலாலும் பற்றி ஆகாயத்தில் நிற்கும் ஓர் இளைஞனைப் படமாக்கினார். அக்கட்டடத்தின் உயரத்தை எண்ணிக்கையால் அறிகிறோம். அதன் விலையை இவ்விளைஞன் பிடித்த பிடியில் அறிகிறோம்.

நம்மவர்க்கு வடம் புதிதன்று. தேர் நகர்வது வடம் இழுப்போரின் தோள்வலியால். வணக்கமோ தேர்மேல் அமர்ந்த சிலைக்கு. அவ்வடத்தைத் தொடும் உரிமையையும் சிலருக்கு மறுத்த சாதிக் கொடுமை நம் ஊர்களில் நிலவியது. உழைப்பை இழிவென்று கருதும் சமூகம், உழைப்போனைப் படமெடுக்கவும் எண்ணாது.

நம் இல்லங்களின் சுவர்களை நோக்குவோம். மணக்கோலப் படம் உண்டு. இறந்தவர்க்கு மாலையிட்ட படம் உண்டு. பால்வாளியுடன் தாய் நிற்கும் படம் எத்தனை வீட்டில் உண்டு? தண்டவாளம் இட்ட பாட்டன், கம்பத்தில் ஏறிக் கம்பி இழுத்த தந்தை, துறைமுகத்தில் வடம் பற்றிய அண்ணன், இவர்கள் வேலைக்கோலத்தில் இருக்கும் படங்கள் எங்கே? இந்நாட்டின் சாலைகளிலும் ரயில் பாதைகளிலும் தமிழரின் வியர்வை கலந்துள்ளது என்று மேடைதோறும் முழங்குகிறோம். சான்று கேட்டால் எதைக் காட்டுவோம்?

ஆகவே, தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தோழர்களே! பழைய பெட்டியில் அத்தகைய படம் இருப்பின் வெளியே எடுங்கள். இல்லையேல், இன்று உழைப்போரையேனும் அவர் தொழிற்கருவியுடன் படமெடுங்கள். பின்புறத்திலே ஆண்டையும் இடத்தையும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் முதலாக, அவர் பெயரை எழுதுங்கள்.