டூ த நீட்ஃபுல் - ஒரு பழைய கடிதத்தின் கதை

நாம் எல்லோரும் பள்ளியில் முதலில் கற்ற ஆங்கிலக் கடிதம் எது? லீவ் லெட்டர்தான்! "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று ஆரம்பித்து "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" என்று முடிப்போம்.

போன மாதம் இன்டர்ன்ஷிப் கேட்டு ஒரு கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். அதே நடைதான் வந்தது. கடைசியில் "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று வேறு போட்டேன். பதிலே இல்லை. சீனியர் அண்ணன் ஒருவர் படித்துவிட்டு, "இது தப்பான இங்கிலீஷ்டா" என்று சிரித்தார். கூச்சமாகப் போய்விட்டது. உண்மையிலேயே தப்பா என்று தேடிப் பார்த்தேன். தப்பு இல்லை நண்பர்களே, பழசு!

18, 19-ம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்காரர்களே இப்படித்தான் எழுதினார்கள். மேலதிகாரிக்கு எழுதினால் "யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்" என்று முடிப்பது அவர்கள் வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி நடந்ததே கடிதங்களால்தான். லண்டனிலிருந்து கப்பலில் ஒரு கடிதம் சென்னை வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். அந்த ஆபீஸ் நடை நம் குமாஸ்தாக்களிடம் வந்தது. இங்கிலாந்தில் வழக்கொழிந்த பிறகும் நம்மிடம் தங்கிவிட்டது.

இன்னொரு விஷயம். அவர்களுக்கும் இது பிறவியிலேயே வந்துவிடவில்லை! 1741-ல் சாமுவேல் ரிச்சர்ட்சன் என்ற லண்டன் அச்சகக்காரர், எழுதப் பழகாத சாதாரண மக்களுக்காக மாதிரிக் கடிதங்களைப் புத்தகமாகப் போட்டார். அவர்களும் பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள்தான்.

மெயிலும் பழைய காகிதத்தின் பிள்ளைதான். சி.சி. என்றால் கார்பன் காப்பி. கார்பன் பேப்பருக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1806-ல். 1971-ல் ரே டாம்லின்சன் கணினிகளுக்கிடையே மெயில் அனுப்பினார். அனுப்புநர், பொருள், தேதி என்று மெயிலின் தலைப்பகுதிக்கு 1973-ல் ஒரு விதிமுறை எழுதப்பட்டது. எழுதிய நால்வரில் ஒருவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் செட் மாணவர்!

கப்பலில் போன கடிதத்துக்குப் பணிவான நீண்ட வாக்கியங்கள் பொருந்தின. ஒரு நாளில் நூறு மெயில் பார்ப்பவருக்கு அவை பொருந்தாது. அவருக்கு வேண்டியது நான்குதான்.

பொருள்: "அப்ளிகேஷன் ஃபார் சம்மர் இன்டர்ன்ஷிப்" என்பதுபோல் தெளிவாக.

முதல் வரி: "ஐ ஆம் ரைட்டிங் டு அப்ளை ஃபார்..." என்று நேராக.

வேண்டுகோள்: நீட்ஃபுல் என்றால் எது என்று அவர் யோசிக்கக் கூடாது. "குட் யூ ப்ளீஸ் லெட் மீ நோ பை ஃப்ரைடே?" என்று கேட்டுவிடுங்கள்.

முடிவு: "டியர் சார்" என்றால் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி", பெயர் போட்டு அழைத்தால் "யுவர்ஸ் சின்சியர்லி". இது பிரிட்டிஷ் வழக்கம்.

இப்படி மாற்றி எழுதி மறுபடி அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. இந்த வருடம் இடம் இல்லையாம்! ஆனால் என் பெயரைப் போட்டு, "டியர்" என்று ஆரம்பித்திருந்தார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம்.