குழூஉக்குறியும் இளையோர் வழக்கும்: திருவண்ணாமலையை முன்வைத்து

முன்னுரை

இளையோர் பேச்சில் வழங்கும் புதுச்சொற்கள் மூத்தோர்க்கு விளங்காமற்போவது இக்காலத்திற்கே உரிய சிக்கலாகக் கருதப்படுகிறது. ஆயின், ஒரு குழுவினரின் சொல்வழக்கு பிறர்க்கு மயக்கம் தருதல் தமிழில் பழமையானது. நடுநாட்டுத் தலமான திருவண்ணாமலையையும் அதனோடு தொடர்புடைய சான்றுகளையும் முன்வைத்து இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

இலக்கண மரபு

13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூல், தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் குழூஉக்குறிக்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள். பிறர் அறியாவண்ணம் பேசும் இவ்வழக்கை வழுவென ஒதுக்காது, வழக்கின் ஒரு கூறாக இலக்கணம் ஏற்றமை கருதத்தக்கது.

கல்வெட்டும் இலக்கியமும்

அருணாசலேசுவரர் கோயிலில் சோழர், போசளர், விசயநகரர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. சோழர்காலக் கோயிற் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படும் தொடர் 'சாவா மூவாப் பேராடு' என்பது. சொற்பொருளை மட்டும் கொள்வோர்க்கு இறப்பும் மூப்பும் இல்லாத ஆடு எனத் தோன்றும். நந்தாவிளக்கிற்குக் கொடையளித்த ஆடுகளில் இறந்தனவற்றிற்கும் முதிர்ந்தனவற்றிற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமற் காத்தலே அதன் கருத்து. ஒரு விளக்கிற்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் வழங்கப்பட்டன. நாள்தோறும் அளக்கவேண்டிய நெய்யின் அளவும் அக்கல்வெட்டுகளிலேயே பொறிக்கப்பட்டமையால் இன்று இத்தொடர் விளங்குகிறது.

இத்தலத்தோடு தொடர்புடைய 15ஆம் நூற்றாண்டு அருணகிரிநாதர், 'சலாம்' என்னும் அரபுச் சொல்லைத் திருப்புகழில் ஆள்கிறார். அக்காலத்தில் தமிழுக்குப் புதிதான அச்சொல் இன்று எவர்க்கும் மயக்கம் தருவதில்லை.

இக்கால வழக்கு

'மொக்கை' என்பது கூர்மழுங்கிய கத்தியைக் குறிக்கும் சொல். இளையோர் சுவையற்ற திரைப்படத்தையும் நகைச்சுவையையும் அச்சொல்லால் சுட்டுகின்றனர். கூர்மையின்மை என்னும் பொருளே இங்கு விரிந்துள்ளது. 'பல்பு வாங்குதல்' என்பதோ அவமானப்படுதலைக் குறிக்கிறது. இதன் பொருளைச் சொல்லின் உறுப்புகளைக்கொண்டு உய்த்துணர இயலாது. மூத்தோர் தடுமாறுவது இத்தகைய தொடர்களிலேயே ஆகும். பழைய குழூஉக்குறிக்குத் தொழில் எல்லையாக இருந்தது. இன்றைய வழக்கிற்கு வயதே எல்லை. திரைப்படமும் கைப்பேசியும் அதனை ஊர்தோறும் பரப்புவதால், சென்னை இளைஞரின் சொல்லைத் திருவண்ணாமலை இளைஞர் உடனே அறிகிறார். அவர்தம் வீட்டு மூத்தோர் அறிவதில்லை.

முடிவுரை

வட்டார வழக்குகள் தொகுக்கப்பட்டு வருகின்றன. கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி அவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. இளையோர் வழக்கும் அவ்வாறே, வழங்கும் சூழலோடு பதிவு செய்யப்படுதல் வேண்டும். பேராட்டின் பொருளை விளக்கும் குறிப்பைக் கல் காத்துத் தந்தது. பேச்சில் மட்டும் வாழும் சொல்லுக்கு அத்தகைய காப்பு இல்லை. அதனைப் பேசுவோர் வாழும் காலத்திலேயே கேட்டு எழுதிவைப்பது ஆய்வாளர் கடமையாகும்.